குடும்ப வன்முறையைக் கதையாக எழுதப் போகிறவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

கணவனிடம் அடிபடும் பெண்ணைப் பற்றிய கதைகள் நம் ஞாயிறு இதழ்களிலும் சிறுகதைப் போட்டிகளிலும் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பல ஒரே தடத்தில் போகின்றன. அவன் குடித்துவிட்டு வருகிறான், அடிக்கிறான், அவள் பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறாள், கடைசியில் இறந்துபோகிறாள் அல்லது ஒரே பத்தியில் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அந்த ஒரு பத்திக்குள் உண்மையில் காவல் நிலையம், மருத்துவமனை, சமூகநல இலாகா, மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பிள்ளைகளின் பள்ளி, வாடகை அறை என்று பல மாதங்கள் அடங்கியிருக்கின்றன. கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு ஒரு குறுநாவல் எழுதியபோது, அந்த மாதங்களைப் பற்றிய தகவல் தமிழில் ஒரே இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்து, அலுவலக முகப்புகளில் காத்திருந்து, வழக்கறிஞர்களிடமும் சமூகப் பணியாளர்களிடமும் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் திரட்ட வேண்டியிருந்தது. அடுத்து எழுதுபவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையைப் படிப்பவர்களில் ஒருத்தி அப்படிப்பட்ட வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே படிக்கக்கூடும். புகார் கொடுக்கப் போனவளை அதிகாரி திருப்பி அனுப்பியதோடு கதை முடிந்தால், தனக்கும் வேறு வழியில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் சரியானதாக எழுதினால், மறுநாள் நிஜத்தில் அழைத்துப் பார்த்து ஏமாந்து போவாள். ஆகவே இந்த ஒரு பொருளில் விவரப் பிழையை நடைக் குறையைப் போல மன்னித்துவிட முடியாது.

1. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எந்தச் சட்டம் உங்கள் பாத்திரத்துக்குக் கைகொடுக்கும் என்பது ஆண்டைப் பொறுத்தது. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994, அதாவது சட்டம் 521, 1996 ஜூன் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. எண்பதுகளில் தோட்டத்து லயத்தில் நடக்கும் கதையில், அடிப்பவன் நெருங்கக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு ஆணை என்ற பேச்சே வர முடியாது. மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறையே என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. சமூகநல அதிகாரியே வழங்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்து, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் 507ஏ பிரிவு தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றது 2023இல்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. 2005இல் நடக்கும் கதையில் நாயகி அவசர ஆணை பெறுவது ஒன்று. அதைவிட ஆபத்தானது, இன்று நடக்கும் கதையில் ஒரு காவலர் "இதுக்கெல்லாம் சட்டம் கிடையாது, வீட்டுக்குப் போய்ப் பேசித் தீத்துக்குங்க" என்று சொல்ல, கதையும் அதையே உண்மையென விட்டுவிடுவது. அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அந்த வசனம் இருக்கலாம். ஆனால் அது தவறு என்பது கதையில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் முழு வாசகத்தை அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையத்தளத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். இச்சட்டம் சிறியது, ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். திருத்தங்கள் சேர்க்கப்பட்ட பதிப்புதானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. அவர்களுடைய திருமணம் எந்தத் தாளில் இருக்கிறது?

நம் சமூகத்துக் கதைகளில் அதிகம் கவனிக்கப்படாத கேள்வி இது. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, தேசியப் பதிவிலாகாவில் பதியாமலே ஆண்டுக்கணக்காக வாழும் தம்பதிகள் நம்மிடையே உண்டு. 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி (சட்டம் 164), முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதியாதவள் உயர் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்டு மனு போட முடியாது.

ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. இருவருடைய சமயத்தின்படியோ வழக்கத்தின்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும், அவளை வாழ்க்கைத் துணையாக ஏற்றுப் பாதுகாப்பு தருகிறது. "உனக்கும் எனக்கும் கல்யாணமே பதியலையே, எந்தக் கோர்ட்டுக்குப் போவே?" என்று கணவன் மிரட்டும் காட்சியை நீங்கள் எழுதலாம். பாதுகாப்பு ஆணையைப் பொறுத்தவரை அவன் சொல்வது பொய் என்பதை அவள் கண்டறியும் இடம் கதையின் திருப்பமாகவே அமையக்கூடும். முன்னாள் கணவனும் இச்சட்டத்துக்குள் வருவான். திருமணச் சடங்கே நடக்காத காதலர்கள் வர மாட்டார்கள், அவர்களுக்குத் தண்டனைச் சட்டத்தின் பொதுப் பிரிவுகள்தான்.

இந்திய முஸ்லிம் குடும்பமாக இருந்தால், பாதுகாப்பு ஆணைக்கு இதே சட்டம் பொருந்தும், மணவிலக்கு மட்டும் ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து வந்தவளாக இருந்தால் அவளுடைய கடப்பிதழும் விசாவும் கதையின் மையத்துக்கு வந்துவிடும். தங்கும் அனுமதி கணவனைச் சார்ந்திருப்பதால், "விசாவைப் புதுப்பிக்க மாட்டேன்" என்ற ஒரு சொல் பல அடிகளுக்குச் சமம். அவளும் இங்கே புகார் கொடுக்கலாம், பாதுகாப்பு ஆணை பெறலாம். அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் அவள் நிலை.

3. கை ஓங்குவதற்கு முன்னால் நடப்பதை எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் அறையும் காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். அடி விழுவது அந்த வீட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒன்றின் வெளிப்பாடு மட்டுமே. சம்பள அட்டை யாரிடம் இருக்கிறது, அடையாள அட்டையை (ஐசி) யார் பூட்டி வைத்திருக்கிறார்கள், கைப்பேசியின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், அம்மா வீட்டுக்குப் போய்வர யாரிடம் கேட்க வேண்டும், சந்தைக்குப் போனால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பவற்றை எழுதினால் அடியே இல்லாமலும் வாசகர் மூச்சுத் திணறுவார்.

சட்டமும் இவற்றில் பலவற்றைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. காயம் ஏற்படுத்துவதோடு, காயப்படுத்திவிடுவானோ என்று அஞ்சவைப்பது, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது, உடலுறவு உள்ளிட்ட எதற்கும் வற்புறுத்திப் பணியவைப்பது, வேதனைப்படுத்துவதற்காகவே பொருள்களை உடைப்பது, அவளுடைய சொத்தை ஏமாற்றி எடுத்துக்கொண்டு நட்டத்தால் துன்புறுத்துவது, மானபங்கப்படுத்தும் நோக்கத்தில் மின்னூடகத்தில் செய்தி பரப்புவது ஆகியவை அப்பட்டியலில் இருக்கின்றன. அவள் அடகு வைக்காமல் காப்பாற்றி வந்த நகையை அவன் எடுத்துக்கொண்டு போய்ப் பணமாக்கிவிடுவது வெறும் வீட்டுச் சண்டையாகக் கதையில் கடந்துபோக வேண்டியதில்லை.

இரண்டு வரைபடங்கள் எழுத்தாளர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன, இரண்டையும் அளவோடு பயன்படுத்துங்கள். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் முன்வைத்த சுழற்சி ஒன்று: இறுக்கம் கூடுவது, வெடிப்பது, பிறகு அழுது மன்னிப்புக் கேட்டு அன்பு காட்டுவது. பூவும் புடவையும் வாங்கிவரும் அந்த மூன்றாம் கட்டத்தை நன்றாக எழுதினால்தான் அவள் ஏன் நம்புகிறாள் என்பது புரியும். ஆயினும் எல்லா வீடுகளிலும் இந்தச் சுழற்சி இருப்பதில்லை, மன்னிப்பே கேட்காதவர்கள் பலர். மற்றொன்று 1980களில் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில், அடிபட்ட பெண்கள் சொன்ன அனுபவங்களிலிருந்து உருவான அதிகாரக் கட்டுப்பாட்டுச் சக்கரம். பணம், பிள்ளைகள், தனிமைப்படுத்தல், மிரட்டல், குற்றத்தை மறுத்தல் என்று அது பிரித்துக் காட்டுவதை உங்கள் பாத்திரத்தின் வீட்டில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். அதன் தலைப்புகளை வசனத்தில் கொண்டுவந்து வைத்தால் கதை பயிற்சிப் பட்டறைக் குறிப்பாகிவிடும்.

மிரட்டல் வசனங்களைச் சத்தமில்லாமல் எழுதுங்கள். "ஐசி எங்கிட்ட இருக்கு. போறதுனா போ." இதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

4. காயங்களை மருத்துவரைப் போலப் பாருங்கள்

காயத்தின் நிறம் மாறுவதை எழுதுபவர்கள் நாள்கணக்கில் தவறிவிடுகிறார்கள். புதிய கன்றல் சிவப்பாகவோ நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும், பச்சையும் மஞ்சளும் பிறகே தோன்றும். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து எத்தனை நாளான காயம் என்று எந்த மருத்துவரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் மருத்துவர் பாத்திரம் "இது மூணு நாளைக்கு முன்னாடி பட்டது" என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

கழுத்தை நெரிப்பதைப் பற்றி மிகுந்த கவனம் தேவை. வெளியே ஒரு தடமும் இல்லாமலே உள்ளே கடுமையான பாதிப்பு இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், நினைவு தவறுவது ஆகியவை அறிகுறிகள். ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பின்னர் கொலை செய்யும் அபாயம் பெரிதும் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கதையில் அதை ஒரு வரியாக எழுதிவிட்டு மறுநாள் காலை அவளைக் காப்பி கலக்க வைக்காதீர்கள். அந்த வரி இருந்தால் அதன் பின்விளைவும் கதையில் இருந்தாக வேண்டும்.

மருத்துவமனைக் காட்சிக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஓ.எஸ்.சி.சி. என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் உண்டு. குடும்ப வன்முறையாலும் பாலியல் வன்முறையாலும் பாதிக்கப்பட்டு வருபவரைப் பொதுக் காத்திருப்பு வரிசையிலிருந்து பிரித்துத் தனி அறையில் பரிசோதிப்பார்கள். மருத்துவர், காவல் துறை, சமூகநல அதிகாரி மூவரும் அங்கிருந்தே தொடர்புக்கு வர முடியும். காவல் புகார் இல்லாமல் நேராகவும் வரலாம். "படியில விழுந்துட்டேன்" என்று அவள் சொல்லும்போது கணவன் பக்கத்தில் நின்றால், அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தாதி மறுபடி கேட்பதுபோல் எழுதுங்கள். அதுதான் சரியான நடைமுறை.

5. கதைக்கு ஒரு நாள்காட்டி போடுங்கள்

இந்தப் படியில்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. ஒரு தாளில் நாள்களை வரிசையாக எழுதி, எந்த நாளில் எந்த அலுவலகம் திறந்திருக்கும் என்று குறித்துக்கொண்டு பிறகு எழுதினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை இரவு சம்பவம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். காவல் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், வீடு இருக்கும் வட்டாரத்து நிலையமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணமும் இல்லை. புகார் பெரும்பாலும் மலாயில் பதிவாகும். மலாய் சரளமாக வராத பாத்திரமானால், கையெழுத்திடும் முன் அதை யார் அவளுக்குப் படித்துச் சொல்கிறார்கள் என்பதைக் காட்சியில் காட்டுங்கள். நடந்தவற்றில் எது புகாரில் எழுதப்படாமல் போகிறதோ, அது பின்னால் வழக்கில் குறையாக நிற்கும். புகார் எண்ணும், விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவள் கையில் இருக்க வேண்டும். இத்தகைய வழக்குகளைப் பார்ப்பது டி11 என்று அழைக்கப்படும் பாலியல், பெண்கள், சிறார் விசாரணைப் பிரிவு.

வாரக் கடைசியில் நீதிமன்றம் இல்லை. அவசரப் பாதுகாப்பு ஆணை பயன்படுவது இந்த இடைவெளியில்தான். அதை வழங்குவது அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரி. அதற்குக் காவல் புகார் தேவையில்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது விதி, ஆணை ஏழு நாள்களுக்குச் செல்லும். உடற்காயம் ஏற்பட்டிருந்தாலோ, ஏற்படும் என்ற அச்சம் இருந்தாலோதான் இது கிடைக்கும். மனரீதியான கொடுமை மட்டும் என்றால் இந்த வழி திறக்காது.

அடுத்தது இடைக்காலப் பாதுகாப்பு ஆணை, அலுவலகங்களில் ஐ.பி.ஓ. என்றுதான் சொல்வார்கள். இதற்குக் காவல் புகார் கட்டாயம், ஏனெனில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது மாஜிஸ்திரேட் வழங்கும் ஆணை இது. விசாரணை அதிகாரியிடமிருந்து கடிதம், அதை எடுத்துக்கொண்டு சமூகநல இலாகா, அங்கிருந்து அதிகாரியோடு நீதிமன்றம் என்பது வழக்கமான பாதை. சில நாள்களில் கிடைப்பதும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு. கோலாலம்பூர் நீதிமன்ற வளாகம் இருக்கும் சாலையை இன்றும் எல்லோரும் ஜாலான் டூத்தா என்றே அழைக்கிறார்கள். 2014 முதல் அதன் பெயர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம். பேச்சில் பழைய பெயரையும் கடிதத்தில் புதிய பெயரையும் எழுதுங்கள்.

குற்றச்சாட்டு பதிவாகி வழக்கு நடக்கும்போது கிடைப்பது முழுமையான பாதுகாப்பு ஆணை. அது 12 மாதங்கள் வரை செல்லும், மேலும் 12 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். வீட்டுக்குள்ளோ வேலையிடத்துக்கோ வரக் கூடாது, 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, தொலைபேசியிலோ கடிதத்திலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று நிபந்தனைகள் விதிக்கலாம். அமலாக்க அதிகாரி உடன்வர, அவள் வீட்டுக்குள் போய்த் தன் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் ஆணையில் இடமுண்டு. அவன் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இவள் பிள்ளையின் பள்ளிப் பையையும் மாவு அரைக்கும் இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு வரும் அந்தக் காட்சியை நம் கதைகள் எதிலும் நான் படித்ததில்லை, யாராவது எழுத வேண்டும்.

கணவன் தரப்புக்கும் நாள்காட்டி வேண்டும். முதல் அடிக்கே அவனை மாதக்கணக்கில் லாக்கப்பில் வைத்துவிடும் கதைகள் தவறானவை. கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால் தடுப்புக்காவல் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள், அவ்வளவுதான். சாதாரணக் காயம் ஏற்படுத்தியதற்கான 323ஆவது பிரிவின்கீழ் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் மனைவியாகவோ முன்னாள் மனைவியாகவோ இருந்தால், 326ஏ பிரிவு அந்த அதிகபட்சச் சிறைக்காலத்தை இருமடங்காக்குகிறது. ஜாமீனில் வெளியே வந்தவன் அதே தாமானில்தான், அதாவது அதே குடியிருப்பில்தான், நடமாடுவான். அந்த அச்சத்தைக் கதையில் தவிர்க்காதீர்கள்.

மணவிலக்கு வேறொரு பாதை, வேறொரு வேகம். உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், தனிப்பட்ட கடும் துன்பத்தைக் காட்டினால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். இருவரில் ஒருவர் மட்டும் போடும் ஒருதலைப்பட்ச மனு என்றால், விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே ஆறு மாதங்கள் வரை பிடிக்கலாம். தீர்ப்பு கிடைத்த பிறகும் அது முழுமை பெற மூன்று மாதங்கள் ஆகும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது, ஆனால் அதை மறுத்து வாதிடவும் இடம் வைத்திருக்கிறது. "பிள்ளைய நான் வாங்கிடுவேன்" என்ற கணவனின் மிரட்டல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இதை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

6. அவள் பையில் என்ன இருக்கிறது, கையில் எவ்வளவு இருக்கிறது?

வீட்டை விட்டுப் புறப்படும் காட்சிக்கு முன் ஒரு பட்டியல் எழுதுங்கள்: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் மைகிட் எனும் சிறுவர் அடையாள அட்டைகளும், திருமணப் பத்திரம், வங்கிப் புத்தகம், பள்ளி ஆவணங்கள், மருந்துச் சீட்டு, காவல் புகாரின் நகல், கொஞ்சம் ரொக்கம், மாற்றுச் சாவி. பிறகு இவற்றில் எது அவளிடம் இல்லை என்று முடிவு செய்யுங்கள். இல்லாத அந்த ஒரு தாள் கதையை நகர்த்தும். அடையாள அட்டை முதல்முறை தொலைந்தால் மாற்று அட்டைக்கு 100 ரிங்கிட், இரண்டாம் முறைக்கு 300, அதற்கு மேல் 1,000. கையில் நூறு ரிங்கிட் இல்லாதவளுக்கு அது ஒரு சுவர்.

செலவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான், அது தடையல்ல. வீடுதான் தடை. மாதம் 900 ரிங்கிட் வாடகையில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு கிடைத்ததாக வைத்தால், முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கான அரை மாத முன்பணம் எல்லாம் சேர்ந்து 3,150 ரிங்கிட் ஒரே நாளில் வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளமும் அவன் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால்? "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?" என்ற கேள்விக்கு மனத்தைக் குடைந்து பதில் தேடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாத பாத்திரம் அரசின் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம், அங்கே வருமான வரம்பு பார்ப்பார்கள்.

7. புறப்பட்ட பிறகுதான் ஆபத்து அதிகம் என்பதை மறக்காதீர்கள்

பேருந்து புறப்பட்டதும் கதையை முடித்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பிரிந்து செல்லும் நேரமும் அதை அடுத்த மாதங்களும்தான் பெண்ணின் உயிருக்கு ஆபத்து மிகுந்தவை. வேலையிடத்து வாசலில் வந்து நிற்பது, பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது, மாமனார் மாமியாரை அனுப்பிச் சமாதானம் பேசுவது, கோயில் தலைவரையோ பெரியப்பாவையோ வைத்துப் பஞ்சாயத்து நடத்துவது எல்லாம் அப்போதுதான் தொடங்கும். அவள் திரும்பிப் போவதும் நடக்கும், பலர் பலமுறை திரும்பிப் போய்த்தான் கடைசியில் விடுபடுகிறார்கள். திரும்பிப் போகும் நாயகியைக் கோழையாகக் காட்டாதீர்கள். மூன்றாம் முறை அவள் வந்து கதவைத் தட்டும்போது திறப்பவளையும் கதையில் வையுங்கள்.

காப்பகக் காட்சி எழுதுகிறீர்கள் என்றால், அதன் முகவரி வெளியே சொல்லப்படுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தோழி நேராகப் போய்ப் பார்ப்பதும், அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பதும் நடக்காது.

8. கணவனையும் சுற்றத்தையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள்

குடிகாரன், வேலையில்லாதவன், பி.பி.ஆர். எனும் அரசு மலிவு அடுக்குமாடியில் இருப்பவன்தான் அடிப்பான் என்பது நம் கதைகள் பரப்பிவரும் பெரிய பொய். வசதியானவர்கள் வாழும் பங்சாரில் வீடு வைத்திருக்கும் பொறியாளரும், தேவாரம் பாடும் ஆசிரியரும், ஆலய நிர்வாகத்தில் எல்லோருக்கும் நல்லவராக இருப்பவரும் அடிக்கிறார்கள். குடி அவன் கையை இன்னும் கொடுமையாக்கலாம், ஆனால் முதலாளியிடமும் போலீஸ்காரரிடமும் அதே போதையில் அவன் பணிவாகத்தான் பேசுகிறான். வெளியாருக்கு "வாங்கண்ணே, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லும் அவனுடைய இனிமையை நம்பும்படி எழுதுங்கள். அப்போதுதான் அவள் சொல்வதை ஏன் யாரும் நம்பவில்லை என்பது விளங்கும்.

திரைப்படங்களில் நாயகன் கன்னத்தில் அறைந்ததும் நாயகிக்குக் காதல் வரும் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த அறையை அன்பின் அடையாளமாக ஒரு வரியில்கூட மீண்டும் எழுதாதீர்கள். இன்னொரு நல்ல ஆண் வந்து மீட்பதுபோல் முடிப்பதும் அவளுடைய மாதங்களை அவளிடமிருந்து பறித்து அவனுக்குக் கொடுப்பதாகும்.

9. உண்மையில் அனுபவித்தவர்களிடம் கேட்கும் முறை

பெட்டாலிங் ஜெயாவில் டபிள்யூ.ஏ.ஓ., பினாங்கில் டபிள்யூ.சி.சி. போன்ற பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இயங்குகின்றன. எழுத்தாளராக அவர்களை அணுகும்போது முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். நெருக்கடியில் இருப்பவர்களுக்கான அவசர எண்ணை ஆய்வுக்காக அழைக்காதீர்கள், நீங்கள் பேசும் நேரத்தில் ஒருத்தி காத்திருக்கலாம். காப்பகத்தில் இருப்பவர்களைச் சந்திக்கக் கேட்காதீர்கள். சமூகப் பணியாளர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் நடைமுறையைக் கேளுங்கள், பெரும்பாலான விவரங்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் தானாக முன்வந்து பேசினால், எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள், அச்சுக்குப் போகும் நாள்வரை அதைத் திரும்பப் பெறலாம் என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். அவள் இன்னும் அந்த வீட்டில் இருந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பாதீர்கள், அதைப் படிப்பது அவளாக இல்லாமல் போகலாம். பேச்சை ஒலிப்பதிவு செய்யாமல் குறிப்பு எடுப்பது மேல்.

நம் சமூகம் சிறியது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊர், சம்பவம் நடந்த பண்டிகை நாள் எல்லாம் மாற வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் நடந்ததை அப்படியே எழுதினால் தாமானில் எல்லோருக்கும் அது யார் வீடு என்று தெரிந்துவிடும். அவளுக்கு அதனால் அடி விழலாம், உங்கள்மீது அவதூறு வழக்கும் வரலாம். வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவரை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது சிறார் சட்டம் 2001இன் 15ஆவது பிரிவின்படி குற்றம். அதிகபட்சத் தண்டனை 10,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஐந்தாண்டுச் சிறை அல்லது இரண்டும்.

10. வன்முறைக் காட்சியும் கடைசிப் பக்கமும்

அடிக்கும் காட்சியை யாருடைய கண்ணால் எழுதுகிறீர்கள் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேளுங்கள். அவள் உடலைப் பார்த்துக்கொண்டு எழுதினால் வாசகர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். அவள் கண்ணிலிருந்து எழுதினால் அடுப்பில் கொதிக்கும் குழம்பு, அறைக் கதவின் தாழ்ப்பாள், பிள்ளை எழுந்துவிடுமோ என்ற கவலை ஆகியவை வரும். ஒரு காட்சி போதும், இரண்டாவது அடியை வாசகர் தானே உணர்ந்துகொள்வார்.

அவள் தற்கொலை செய்துகொள்வதாக முடிக்க நினைத்தால் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். கதைக்கு அது தவிர்க்க முடியாததானால் முறையை விவரிக்காதீர்கள், அதை விடுதலையாகவோ கணவனுக்குப் புகட்டும் பாடமாகவோ காட்டாதீர்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் கையெழுத்துப் பிரதியை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர், மற்றவர் சமூகப் பணியாளர். ஆணைகளின் பெயர், நாள்கள், பத்திரங்கள் ஆகியவற்றை மட்டும் சரிபார்க்கச் சொன்னாலும் ஒரு மாத அவகாசம் கொடுங்கள், அவர்கள் வேலைப் பளுவில் இருப்பவர்கள். போட்டிக்கு அனுப்புவதானால் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்த மாதத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கதையின் இறுதியில் உதவி எண்களைத் தனிப் பெட்டியாகப் போடச் சொல்லி இதழாசிரியரைக் கேளுங்கள். இடமில்லை என்றால் ஆசிரியர் குறிப்பை வெட்டச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 999, சமூகநல உதவிக்கு 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999, டபிள்யூ.ஏ.ஓ. உதவி எண் 03-3000 8858. எண்கள் மாறக்கூடியவை என்பதால், வெளியாவதற்கு முந்தைய வாரம் ஒவ்வொன்றும் இன்னும் அதே எண்தானா என்று அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.